பொறியின் வெப்பநோயும் தமிழ்ச்சொல்லும்

(தாம்பரம் பகுதி ஊர்தி ஓட்டுநர்க்கும் பட்டறை வினைஞர்க்கும் ஆற்றப்பெற்ற பொழிவின் எழுத்துவடிவம்)

 

இன்று எடுத்துக்கொள்ளப்பெற்ற பொருள், மக்கள் வேன் என்று வழங்கும் மூடுந்தின் பொறி ஏன் கொதிக்கிறது, அக்கொதிப்பின் கரணியத்தை எங்ஙனம் கண்டறிவது என்பதாகும். தனித்தமிழ் மேடையில் பட்டறைப் பேச்சுக்கு இடமுண்டோ என்று சிலர் வினவக்கூடும். இடமுண்டு, முதலிடமே உண்டு. பாட்டரங்கில் மட்டும் வீற்றிருந்து, தொழிற்கூடத்தின் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்படும் மொழி நெடுநாள் வாழாது. நெய்க்கறை படிந்த கையினர் எம்மொழியில் எண்ணுகின்றனரோ, அம்மொழிக்கே நாளை உண்டு.

இப்பேச்சுக்கு இவ்விடமும் ஏற்றதே. தாம்பரத்துக்கு வடக்கே, பல்லாவரத்தில் வாழ்ந்த மறைமலையடிகளார் 1916-ஆம் ஆண்டில் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். தாம்பரத்துக்குத் தெற்கே, அவர் பெயரைத் தாங்கி மறைமலைநகர் நிற்கிறது. இரண்டையும் இணைப்பது பெருந்தெற்கு நெடுஞ்சாலை. அச்சாலையோரம், பெருங்களத்தூர் - வண்டலூர்ப் பகுதியில், இசுடாண்டர்டு நிறுவனத்தின் தொழிலகம் இயங்கியது. 1961 முதல் எரால்டு மகிழுந்தும், ‘இசுடாண்டர்டு 20’ என்னும் மூடுந்தும் அந்நிறுவனம் ஆக்கியவை. 1980-களின் இறுதியில் அது மூடப்பட்டது. மறைமலைநகருக்கு 1990-களில் வந்த போர்டு நிறுவனமும் 2022-இல் அங்கு ஊர்தியாக்கத்தை நிறுத்தியது. குரோம்பேட்டையில் 1949-இல் தொடங்கப்பெற்ற எம்.ஐ.டி. கல்லூரி, தொடக்க நாள் முதலே ஊர்திப் பொறியியலைக் கற்பித்தது.

ஆக, முக்கால் நூற்றாண்டாக இச்சாலையின் இருமருங்கும் ஊர்தியறிவு ஓடிக்கொண்டிருக்கிறது. அவ்வறிவு எம்மொழியில் ஓடுகிறது? அடிகளார் பெயர் பூண்ட ஊரில் ஆக்கப்பெற்ற ஊர்திகளின் கையேடுகளில் அடிகளார் மொழிக்கு எத்துணைப் பக்கம் கிடைத்தது? இவ்வினாவை நெஞ்சில் இருத்திக்கொண்டு பொறிக்குள் நுழையலாம்.

வெப்பம் செல்லும் வழி

பொறியின் உருளைக்குள் எரிநெய் எரியும்போது எழும் வளியின் வெப்பநிலை 2000 பாகை செல்சியசைக் கடக்கும். எரிநெய் தரும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே ஊர்தியை நகர்த்தும் வேலையாகிறது. மற்றொரு பங்கு புகைபோக்கி வழியே வெளியேறும். எஞ்சியதில் பெரும்பகுதியை உருளைகளைச் சுற்றி ஓடும் நீர் வாங்கிக்கொள்கிறது. நீர் அவ்வெப்பத்தை எடுத்துச் செல்லாவிடின் உயவுநெய் தன் வழுவழுப்பை இழக்கும், உந்துதண்டு உருளைச் சுவரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும், உருளைத்தலை கோணும். ஒரு குடம் நீர் செய்யத் தவறிய வேலைக்கு ஒரு பொறியே விலையாகும்.

பொறிக்குள் சூடேறிய நீர், மேற்குழல் வழியே ஊர்தியின் முன்புறக் கலத்துக்கு வருகிறது. அங்கு மெல்லிய குழல்களில் பரவி, விசிறி இழுக்கும் காற்றில் சூடு தணிந்து, கீழ்க்குழல் வழியே பொறிக்குத் திரும்புகிறது. அந்நீரை ஓட்டுவது நீரெக்கி. பல ஊர்திகளில் எக்கியையும் விசிறியையும் ஒருங்கே சுழற்றுவது விசிறிவார். பொறியிலிருந்து நீர் வெளியேறும் வாயிலில் நிற்பது வெப்பக்கதவம். பட்டறையில் தெர்மோசுடாட் எனப்படுவது அதுவே. நீர் குளிர்ந்திருக்கும் வரை கதவம் மூடியிருக்கும். ஏறத்தாழ 80 முதல் 90 பாகைக்குள் அதனகத்துள்ள மெழுகு உருகிப் பெருத்துக் கதவைத் தள்ளித் திறக்கும். கலத்தின் மேலிருப்பது அழுத்தமூடி. திறந்த குடத்தில் நீர் 100 பாகையில் கொதிக்கும். காற்றழுத்தத்துக்கு மேல் மேலும் ஒரு மடங்கு அழுத்தம் கூடினால் ஏறத்தாழ 120 பாகை வரை கொதியாது. மூடியின் சுருள்வில் தளர்ந்தால் அக்காப்பு போய்விடும். பழுதற்ற பொறியிலும் நீர் பொங்கி வழியும்.

முன்புறக் கலத்துக்குப் பட்டறையில் வழங்கும் பெயர் ரேடியேட்டர். அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துக் ‘கதிர்வீசி’ என்று எழுதுவோர் உளர். மூலப்பெயரே பொருந்தாப் பெயர். அக்கலம் வெப்பத்தைக் கதிராக வீசுவது சிறிதளவே; பெரும்பகுதியைக் காற்றே கவர்ந்து செல்கிறது. காற்றுச் செல்லும் 8070 சிறு குழல்களைத் தேனடைபோல் அடுக்கி, 1900-ஆம் ஆண்டையொட்டி இக்கலத்தைப் புதுக்கி அமைத்தவர் மேபாக்கு என்னும் செருமானியப் பொறிஞர். அவர் நாட்டினர் அதற்கு வழங்கும் பெயர் ‘குளிர்விப்பது’ என்னும் பொருளுடைய தம் தாய்மொழிச் சொல். அண்டை நாட்டார் என்ன பெயரிட்டனர் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

தமிழிலோ அதனினும் கூரிய சொல் அடுப்படியிலேயே கிடக்கிறது. கொதித்த பாலை ஒரு குவளையிலிருந்து மற்றொன்றுக்கு நீள ஊற்றிச் சூடு தணிப்பதைத் தமிழ்த்தாய் ‘ஆற்றுதல்’ என்கிறாள். சூடான நீர்மத்தை மெல்லிய ஒழுக்காக்கிக் காற்றில் படவிட்டுத் தணித்தலே ஆற்றுதல். முன்புறக் கலம் செய்வதும் அதுவன்றி வேறில்லை. எனவே அது வெப்பாற்றி. பெயரைக் கேட்ட அளவிலேயே செய்தி விளங்குகிறது: நீர் ஓடவேண்டும், காற்றுப் படவேண்டும், இவ்விரண்டும் பயன்தர, நீர் குறையாதிருக்கவேண்டும். பொறிக் கொதிப்பின் நோயறிவில் பெரும்பகுதி இம்மூன்று தொடர்களுள் அடங்கும்.

நோயின் முதலைத் தேடும் முறை

மருந்து என்னும் அதிகாரத்தில் திருவள்ளுவர் மருத்துவனுக்கு ஒரு வரிசை வகுத்தார். முதலில் நோய் இன்னதென்று தெளிதல். பின் அது எங்கிருந்து வந்தது என்று தேர்தல். பின் தணிக்கும் வழி காணல். அதன் பின்னரே செயல். அக்குறளின் எண் 948. இசுடாண்டர்டு மூடுந்தின் முன்னோடியான அட்லசு என்னும் ஊர்தி 1958-இல் பிரித்தானியாவில் வெளிவந்தபோது, அதன் பொறியின் கொள்ளளவும் 948 கன செ.மீ. எண் ஒத்தது தற்செயல். நெறி ஒப்பது தற்செயலன்று. கொதித்த ஊர்தியைக் கண்டவுடன் வெப்பாற்றியைக் கழற்றுவது, நாடி பாராமல் கத்தியெடுப்பதை ஒக்கும். வினைஞனின் முதற்கருவி வினா. எப்போது கொதித்தது? எத்துணை விரைவில் கொதித்தது? நீர் எவ்வளவு குறைந்திருந்தது? இம்மூன்றையும் ஓட்டுநரிடம் கேட்டறிந்த பின்னரே திருகியைக் கையிலெடுத்தல் வேண்டும்.

குரோம்பேட்டையிலிருந்து தாம்பரம் வரை நெரிசலில் ஊர்ந்து வரும்போது வெப்பங்காட்டியின் முள் ஏறுகிறது. வண்டலூரைக் கடந்து விரைந்து செல்லும்போது தாழ்கிறது என்று கொள்வோம். விரைந்து செல்லும்போது எதிர்க்காற்றே வெப்பாற்றியை ஆற்றிவிடுகிறது. ஊரும்போது விசிறியொன்றே துணை. எனவே முதல் ஐயம் விசிறிமேல் விழவேண்டும். பொறியை நிறுத்தியபின் விசிறிவாரின் நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ ஒரு செ.மீ. அளவே அமிழவேண்டும். மிகுதியாக அமிழ்ந்தால் வார் வழுக்குகிறது. விசிறியும் எக்கியும் ஒருங்கே தளர்கின்றன. மின்விசிறியாயின், சூடேறியும் அது சுழலாமலிருப்பின், மின்காப்பு இழை, வெப்பநிலையை உணரும் மின்பொருத்து, விசிறியின் மின்னோடி ஆகிய மூன்றையும் இவ்வரிசையில் ஆய்தல் வேண்டும். மின்விசிறி, பொறி நின்றபின்னும் திடுமெனச் சுழலக்கூடும். கையை அதனருகே கொண்டுசெல்லுமுன் மின்கலத்தின் இணைப்பைக் கழற்றிவிடுதல் நலம்.

இதற்கு நேர்மாறாக, ஊரும்போது குளிர்ந்திருந்து, ஆள் நிறைந்து விரையும்போதும் மேம்பாலத்தில் ஏறும்போதும் கொதித்தால், காற்றுக் குறையன்று; நீரோட்டக் குறை. பொறி எழுப்பும் வெப்பம் பெருகியிருக்க, ஆற்றும் திறன் பெருகவில்லை என்பது பொருள். வெப்பாற்றியின் குழல்கள் உள்ளே அடைபட்டிருக்கலாம். பொறி ஓடிச் சூடேறி, பின் நிறுத்தப்பட்ட நிலையில், வெப்பாற்றியின் முகத்தருகே புறங்கையைக் கொண்டுசென்றால், அடைபட்ட இடங்கள் குளிர்ந்த திட்டுகளாகத் தெரியும். எக்கியின் இறகுகள் அரித்துத் தேய்ந்திருக்கலாம். கீழ்க்குழல் முதிர்ந்து தளர்ந்திருப்பின், பொறி விரைந்தோடும்போது எக்கியின் இழுப்பில் அது சப்பி ஒட்டிக்கொள்ளும். பொறி மெதுவாக ஓடும்போது மீண்டும் உப்பி நிற்கும். நின்ற ஊர்தியில் பார்ப்பவருக்கு இக்குறை தோன்றாது. ஒருவர் பொறியை விரைவாக ஓட்ட, மற்றொருவர் விலகி நின்று பார்த்தாலன்றி அகப்படாது.

புறப்பட்ட சில நிமையங்களுக்குள்ளேயே முள் எல்லையைத் தொட்டால், வெப்பக்கதவத்தை ஐயுறவேண்டும். பொறி கொதிநிலையில் இருக்க, மேற்குழல் இன்னும் குளிர்ந்திருந்தால், கதவம் திறக்கவில்லை என்பது ஏறத்தாழ உறுதி. கழற்றி எடுத்த கதவத்தை வெந்நீர்க் கலத்தில் நூலிற் கட்டித் தொங்கவிட்டு, அருகே ஒரு வெப்பமானியை வைத்து, எந்நிலையில் திறக்கிறதென்று கண்ணாலேயே காணலாம். ஐயம் தெளிய இதைவிட எளிய வழி இல்லை.

நீர் குறைந்துகொண்டே வருமாயின் அது போகுமிடத்தைத் தேடவேண்டும். புறக்கசிவு தன் தடத்தை விட்டுச்செல்லும். குழற்கவ்விகளின் அடியில், வெப்பாற்றியின் பொருத்துகளில், எக்கியின் அடியிலுள்ள சிறு கசிதுளையில் வெண்மையாகவோ துருநிறமாகவோ கறை படிந்திருக்கும். கசிதுளையில் நீர் சொட்டுவது எக்கியின் அடைப்பு தேய்ந்ததற்கு அறிகுறி. அத்துளையை அடைத்து வைப்பது மருத்துவமாகாது. தரையில் ஒரு சொட்டும் இல்லாமல் நீர் மறைந்தால், நோய் உள்ளே இருக்கிறது. உருளைத்தலைக்கும் உருளைக்கட்டுக்கும் இடையே அமைந்த மெல்லிய தகடு, பட்டறையில் கேசுகட்டு எனப்படும் இடையடை, எரிந்து பிளந்திருக்கலாம். சூடேறிய பின்னும் புகைபோக்கியில் ஓயாத வெண்புகை, உயவுநெய் அளவுகோலில் பால்போன்ற கலங்கல், குளிர்ந்த பொறியைத் தொடக்கிய உடனே குழல்கள் கல்லாய் இறுகுதல், மூடி திறந்த வெப்பாற்றியில் ஓயாமல் எழும் குமிழிகள் ஆகியன அதன் அறிகுறிகள். இவற்றுள் இரண்டு ஒருங்கே தோன்றினால் அவ்வூர்தியை மேலும் ஓட்டுதல் கூடாது.

மூடுந்துக்கென்று தனித்த இரு செய்திகள் உள. ஓட்டுநரின் இருக்கைக்கு அடியில் பொறியை வைத்து அமைத்த மூடுந்துகள் இந்நாட்டில் நெடுங்காலம் ஓடியவை. மாருதி ஆம்னி 1984 முதல் 2019 வரை ஆக்கப்பெற்றது. இத்தகைய ஊர்திகளில் பொறியைச் சுற்றிக் காற்றோட்டம் குறைவு. கசிவும் கண்ணுக்கு எளிதில் படாது. வெப்பாற்றி பொறிக்குத் தொலைவில் அமைந்து நீண்ட குழல்கள் செல்லும் ஊர்திகளில், புதுநீர் நிரப்பும்போது குழலுக்குள் காற்று அகப்பட்டு நீரோட்டத்தை மறிக்கும். எல்லா உறுப்பும் புதிதாக மாற்றியும் கொதிக்கிறதே என்று வினைஞர் திகைப்பது பெரும்பாலும் இங்கேதான். காற்றுப்போக்குத் திருகைத் திறந்து, குமிழி நின்று நீர்மட்டுமே வரும் வரை பொறுத்திருந்து நிரப்புவதே தீர்வு.

வெப்பங்காட்டி பற்றியும் ஓர் எச்சரிக்கை வேண்டும். நீர் முற்றும் குறைந்துவிட்டால், வெப்பத்தை உணரும் உறுப்பு நீரில் மூழ்காமல் நீராவியில் நிற்கும். முள் ஏறாமல் தாழ்ந்தே காட்டக்கூடும். ஏறிய முள் திடீரென இறங்கினால், நோய் தீர்ந்ததென்று மகிழாமல் உடனே ஊர்தியை நிறுத்தவேண்டும்.

நீரே நோயாகும் நிலை

இப்பகுதியில் கொதிப்புநோய்க்கு நிலமும் ஒரு கரணியம். 2003 மே திங்களில் சென்னையில் வெப்பநிலை 45 பாகையைத் தொட்டது. ஆற்றவேண்டிய காற்றே அத்துணைச் சூடாயிருக்கும்போது, வெப்பாற்றியில் சிறு குறையும் பெருங்குறையாகும். நீரோ கடினநீர். பல்லாவரம், குரோம்பேட்டைப் பகுதிகளில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு நிலத்தடி நீரை உப்பாக்கிய கொடுமையைப் பழைய குடிகள் அறிவர். ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றிக் காய்ச்சும் பாத்திரத்தின் உட்புறத்தைப் பாருங்கள்; வெண்ணிறச் செதில் படிந்திருக்கும். அதே நீர் அன்றாடம் காயும் பொறிக்குள் என்ன செய்யும்? சுண்ணச் செதிலாகக் குழல்களில் படியும். அச்செதில், செம்பைவிட நூறு மடங்குக்கும் மேற்பட்டுக் குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். ஒரு மெல்லிய படிவு, வெப்பாற்றிக்கு உள்ளே போர்த்திய கம்பளியாகிவிடும்.

எனவே வடித்தெடுத்த தூயநீரும், அதனுடன் நிறுவனம் குறித்த அளவில் குளிர்நீர்மமும் சேர்த்தே நிரப்பவேண்டும். பனி உறையும் நாட்டாருக்கே குளிர்நீர்மம் வேண்டும், தாம்பரத்தில் எதற்கு என்று கருதுவது தவறு. அது நீரின் கொதிநிலையை உயர்த்தும். துருவையும் அரிப்பையும் தடுக்கும். குறித்த காலத்துக்கு ஒருமுறை முற்றும் வடித்து மாற்றாவிடின் அதுவும் தன் காப்புத்திறனை இழக்கும்.

கூடாதன மூன்று

கொதிக்கும் பொறியின் அழுத்தமூடியைத் திறத்தல் முதலாவது. அழுத்தத்தால் அடங்கியிருக்கும் 100 பாகைக்கு மேற்பட்ட நீர், மூடி திறந்த நொடியில் ஆவியாய் வெடித்து முகத்திலும் கண்ணிலும் பாயும். மேற்குழல் கையால் தொட்டுப் பிடிக்கத்தக்க அளவு ஆறும்வரை காத்திருத்தல் வேண்டும். காய்ந்த பொறியில் குளிர்நீர் ஊற்றுதல் இரண்டாவது. சூடான இரும்பும் அலுமினியமும் திடுமெனச் சுருங்கிப் பிளக்கும்; சிறு செலவில் முடியவேண்டியது பெருஞ்செலவாகும். வெப்பக்கதவத்தைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுதல் மூன்றாவது. இது பல பட்டறைகளில் மருந்தாகவே கொள்ளப்படுகிறது. கதவமற்ற பொறி உரிய சூட்டை அடையாது. எரிநெய் மிகுதியாகச் செலவாகும். உருளைகள் விரைவில் தேயும். சில பொறிகளில் நீர் வெப்பாற்றிக்குச் செல்லாமல் குறுக்குவழியே திரும்பிவிடுவதால், கொதிப்பு கூடவும் செய்யும்.

சொல்லும் ஒரு கருவி

தோழர்களே! அம்மூன்றாம் தவறு ஏன் நிகழ்கிறது என்று எண்ணிப் பாருங்கள். தெர்மோசுடாட் என்னும் பெயர் தமிழ் வினைஞனுக்கு ஒன்றையும் உணர்த்தவில்லை. பொருள் விளங்காத பெயருடைய உறுப்பு, பயன் விளங்காத உறுப்பாகிறது. பயன் விளங்காதது குப்பைக்குப் போகிறது. அதனையே வெப்பக்கதவம் என்று அழைத்திருந்தால், எப்போது திறக்கும், ஏன் மூடும் என்னும் வினாக்கள் தாமே எழுந்திருக்கும். கதவைக் கழற்றி எறிந்துவிட்டு வீட்டைக் காத்தேன் என்று எவனும் சொல்லான். அழுத்தமூடியின் மேல் ஆங்கிலத்தில் பொறித்த எச்சரிக்கையைப் படிக்கவியலாமல் முகம் வெந்தவனுக்கு, மொழிச்சிக்கல் என்பது புலவர் பூசலன்று. தோலில் எழுதிய வடு.

வினைஞர்க்கு அறிவு குறைவென்பது இதன் பொருளன்று. பொறியின் ஓசை கேட்டே நோய் சொல்லும் செவியும், குழலைத் தொட்டே சூடு அறியும் விரலும் அவர்க்குண்டு. அவர் பேச்சிலும் கொதிப்பு, கசிவு, அடைப்பு, தேய்வு, இறுக்கம், தளர்வு என்று நோயின் பெயர்களெல்லாம் தமிழாகவே இருக்கின்றன. உறுப்பின் பெயர் மட்டும் அயலாய் நிற்கிறது. கையறிவு தமிழிலும் நூலறிவு ஆங்கிலத்திலுமாகப் பிளந்து கிடப்பதால், கற்றவர் கையேட்டைப் படித்துப் பொறியைத் தொடாதவராகவும், தொட்டவர் பொறியை அறிந்து கையேட்டைப் படியாதவராகவும் ஆயினர். இப்பிளவினால் இழப்பு இருவர்க்குமே.

உதிரியுறுப்புக் கடையில் வெப்பாற்றி என்று கேட்டால் தருவரோ என்று எள்ளுவோர் உளர். இன்று கடையில் வழங்கும் பெயரையும் அறிந்திருங்கள்; அதனை எவரும் தடுக்கவில்லை. ஆனால் பட்டறையில் இளைஞனுக்குத் தொழில் கற்பிக்கும்போது தமிழ்ப்பெயரைச் சொல்லி, அதன் பொருளைச் சொல்லி, அதன் வழியே தொழிலைச் சொல்லுங்கள். பேருந்து என்னும் சொல்லையும் இவ்வாறே எள்ளினர். இன்று ஊர்தோறும் பேருந்து நிலையம் என்னும் பலகை நிற்கிறது. 2023 இறுதியில் கிளாம்பாக்கத்தில் திறக்கப்பெற்ற பெருநிலையத்தின் பெயரிலும் பேருந்து முனையம் என்னும் தொடரே உள்ளது. வழங்க வழங்கச் சொல் வேரூன்றும். வழங்காத சொல் அகரமுதலியில் உறங்கும்.

1956-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தமிழை அரசு அலுவலகத்துக்குக் கொணர்ந்தது. பட்டறைக்குக் கொணர்வது சட்டத்தால் மட்டும் ஆகாது. தமிழ்நாட்டில் விற்கப்பெறும் ஒவ்வோர் ஊர்தியுடனும் தமிழ்க் கையேடு தரப்படல் வேண்டும். எச்சரிக்கைகள் தமிழிலும் பொறிக்கப்படல் வேண்டும். இது விற்போரிடம் கேட்கவேண்டிய உரிமை. தொழிற்பயிற்சி நிலையங்களில் சொல்லுக்குச் சொல் பெயர்க்காது, செயல் கண்டு பெயரிட்ட பாடநூல்கள் எழுதப்படல் வேண்டும். இது புலவரும் பொறிஞரும் ஒருங்கமர்ந்து ஆற்றவேண்டிய கடமை. ஒவ்வொரு பட்டறைச் சுவரிலும் பொறியின் படமும் உறுப்புகளின் தமிழ்ப்பெயரும் எழுதி மாட்டப்படல் வேண்டும். இதற்கு எவர் இசைவும் வேண்டியதில்லை. நாளைக் காலையே தொடங்கலாம்.

நீர் ஓடாத பொறி கொதித்து வெடிக்கும். தாய்மொழி ஓடாத தொழிலும் அவ்வாறே உள்ளுக்குள் காய்ந்து இறுகும். ஓட்டத்தைத் திறந்துவிடுங்கள்!

வெல்க தமிழ்! ஓங்குக உழைப்பு!